கவ்வாத்துக் கத்தியைத் தேய்க்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தமிழர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த 200 ஆண்டு நினைவுகூரல் 2023இல் நடந்த பிறகு, தோட்டங்களில் பழைய சாமான்களைச் சேர்த்து வைக்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. கண்காட்சி மேசைகளிலும் முகநூலிலும் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, குழி தோண்டும் இரும்புக் கம்பியான அலவாங்கு எல்லாம் தென்படுகின்றன. ஆனால் கூடவே கிடைக்கும் குறிப்பு பெரும்பாலும் ‘நூறு வருடம் பழைய கருவி’ என்பதோடு முடிந்துவிடுகிறது. யார் செய்தது, எப்போது செய்தது, யார் மூலம் தோட்டத்துக்கு வந்தது, அதைப் பிடித்து வேலை செய்தவர் என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்ற நான்கும் இல்லாத குறிப்பு ஆவணமாகாது. முதல் இரண்டையும் பல வேளைகளில் இரும்பே சொல்லிவிடும். மூன்றாவது பழைய அச்சுப் பக்கங்களில் கிடக்கிறது. நான்காவது முதியவர்களின் வாயில் மட்டுமே இருப்பதால், அதற்குத்தான் அவசரம்.

முதலில் ஒரு வேண்டுகோள்: கருவியைப் பளபளப்பாக்க வேண்டாம். கம்பி பிரஷ், கிரைண்டர், வெள்ளி நிறப் பெயின்ட் மூன்றும் சேர்ந்து அழித்த முத்திரைகளுக்குக் கணக்கில்லை. மண்ணை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியை முத்திரை இருக்கக்கூடிய இடத்தில் ஒரு நாள் சுற்றி வையுங்கள் (அடுப்புக்கு அருகில் வேண்டாம்). பிறகு பழைய பல் பிரஷால் தேயுங்கள். துரு இளகியதும் துணியால் துடைத்துக் காயவிட்டு, முகப் பவுடரை விரலால் தடவி மேலோட்டமாக வழித்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும், எழுத்து தெரியும். மரம் அறுக்கும் வாளின் தகட்டில் வேறு ஒரு ஆபத்து உண்டு. அங்கே பெயர் அமிலத்தால் பொறிக்கப்பட்டிருக்கும், அதன் ஆழம் மயிரிழைகூட இராது. வினாகிரியில் ஊறப் போட்டாலே அது போய்விடும். தட்டையான மரக்கட்டையில் 400க்கு மேற்பட்ட நுண்தாளைச் சுற்றி, எண்ணெய் விட்டு, மிக இலேசாக மட்டும் இழுக்கலாம்.

படம் எடுக்கும்போது கைபேசியின் ஃபிளாஷை நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். இன்னொரு டோர்ச்சைக் கருவியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சத்தை நான்கு திசைக்கும் மாற்றி நான்கு படம். பக்கத்தில் அடிமட்டம் இருக்கட்டும். முழு நீளம், இரு பக்கம், பிடியும் இரும்பும் சேரும் இடம், அலகின் முனை, பிடியில் உள்ள எழுத்து அல்லது வெட்டுக்குறி ஆகியவற்றையும் தனித்தனியே எடுக்க வேண்டும். மெல்லிய தாளை முத்திரையின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்த பிரதி, படம் காட்டாததைச் சில சமயம் காட்டும்.

முத்திரையை வாசிப்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. பிரித்தானியக் கருவிகள் சிலவற்றில், அவற்றின் வடிவம் அரசிடம் பதிவானதைக் காட்டும் சாய்சதுரக் குறி ஒன்று உண்டு. உச்சியில் சிறு வட்டம், அதனுள் உரோம எண். ஒன்று என்றிருந்தால் உலோகப் பொருள் என்று அர்த்தம். இந்தக் குறி 1842 முதல் 1883 வரைதான் வழக்கில் இருந்தது. ஆண்டைக் காட்டும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும் 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867, அதற்கு முன் முதன்மைப் பயிராயிருந்த கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் தெரியவந்தது 1869. ஆகவே சாய்சதுரக் குறியுள்ள ஒரு கருவி, கோப்பிக் காலத்து வடிவத்தைச் சேர்ந்தது. அதை எடைக்குப் பழைய இரும்புக்காரரிடம் போடுவது பெரிய இழப்பு. 1884இலிருந்து குறிக்குப் பதிலாக ‘ஆர்.டி.’ என்ற எழுத்துகளோடு தொடர் எண் வந்தது. ஒன்றில் தொடங்கிய எண் 1900 அளவில் மூன்றரை இலட்சத்தைத் தொட்டது. இந்த எண் வடிவம் பதிவான ஆண்டைச் சொல்லும், கருவி செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லாது. ஒரே வடிவத்தைப் பல ஆண்டுகள் வார்த்துத் தள்ளியிருப்பார்கள்.

தச்சு ஆசாரிமார் மரம் இழைக்கும் சீவுளிகளிலும் இதே குழப்பம்தான். அமெரிக்க ஸ்டான்லி சீவுளியின் அடித்தட்டில் 1902 என்ற காப்புரிமைத் திகதியைக் கண்டதும் ‘1902இல் செய்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். 1902இன் இரண்டு திகதிகளோடு 1910இன் ஒன்றும் சேர்ந்து மூன்று இருந்தால், அது ஏறத்தாழ 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. ‘மேட் இன் இங்கிலண்ட்’ என்ற ஸ்டான்லி, அந்த நிறுவனம் இங்கிலாந்தின் உருக்கு நகரமான ஷெபீல்டில் தொழிற்சாலை வாங்கிய 1930களின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஷெபீல்டின் ரெக்கோர்ட் சீவுளி 1931இல்தான் சந்தைக்கு வந்தது. அலகைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். அலகு தேய்ந்தால் மாற்றுவார்கள், அடித்தட்டை மாற்றமாட்டார்கள்.

வாளின் பிடியிலுள்ள பித்தளை வில்லையில் ‘வொரண்டட் சுப்பீரியர்’ என்றிருந்தால் அது உற்பத்தியாளர் பெயரல்ல, பலரும் வாங்கிப் பொருத்திய பொது வில்லை. மேசன் கரண்டியிலுள்ள ‘டபிள்யூ.எச்.எஸ்.’ பர்மிங்ஹாம் அருகே ஓல்ட்பரி ஊரின் வில்லியம் ஹண்ட் அண்ட் சன்ஸ். முதலை முத்திரையில் கவனம் தேவை: மண்வெட்டியில் வோல்வர்ஹாம்டனின் சில்லிங்டன் நிறுவனமும், வெட்டுக்கத்தியில் மார்ட்டின்டேல் நிறுவனமும் அதைப் பயன்படுத்தின. நெடுங்காலம் ஓடிய முத்திரை என்பதால் அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

மேல்நோக்கிய அம்புக்குறி பிரித்தானிய அரசின், பெரும்பாலும் படையின், உடைமைக் குறி. போவர் போர்க் கைதிகள் முகாம் இருந்த தியத்தலாவையும், 1944இல் தென்கிழக்கு ஆசியக் கூட்டுப்படையின் தலைமையகம் இயங்கிய பேராதனையும் நம் பக்கத்தில்தான். அந்த அம்பைப் பார்த்ததும் அலங்காரம் என்று தேய்த்துவிடாதீர்கள். ‘சி.ஜி.ஆர்.’ என்றால் இலங்கை அரசாங்க ரயில்வே. பாதை நானுஓயாவை 1885இலும் பண்டாரவளையை 1894இலும் பதுளையை 1924இலும் அடைந்தது. ‘சிலோன்’ என்ற சொல் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது.

முத்திரையே இல்லாத கத்திகள் ஏராளம். அவற்றைக் கண்காட்சிக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் அவைதான் முதலில் பதிவாக வேண்டியவை, ஏனென்றால் ஷெபீல்டுக்காரன் செய்ததை எழுதிவைக்க ஷெபீல்டில் ஆள் இருக்கிறது. அங்குள்ள கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தின் ஹோலி கருவித் தொகுப்பு அதற்கே உள்ளது. தோட்டத்துப் பட்டறைக் கொல்லர் லொறி ஸ்பிரிங் தகட்டை அறுத்து அடித்த கத்திக்கு அப்படி ஒரு இடம் இல்லை. சுத்தியல் பட்ட தடம், தகட்டின் பழைய துளை, அலகின் தடிப்புச் சீரின்மை ஆகியவற்றைக் கொண்டு பட்டறைக் கத்தியை அடையாளம் காணலாம். பட்டறைக்காரரோ அவர் பிள்ளைகளோ இருந்தால் கேளுங்கள்: எந்த இரும்பு, காய்ச்சிய அலகை நீரிலா எண்ணெயிலா துவைத்தது, வாலைப் பழுக்கக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்கியதா, பூண் எதனால், பிடி என்ன மரம். பிடியை வைத்து மட்டும் வயது சொல்லாதீர்கள். கத்தி ஒன்று பல பிடி கண்டிருக்கும்.

அடுத்தது பெயர். ‘மமோட்டி’ என்று ஆங்கில விலைப்பட்டியல்களில் வருவது நமது மண்வெட்டிதான். ஆங்கில எழுத்தில் மமோட்டி, மமூட்டி, மொமட்டி என்று மாறி மாறி வரும், மூன்றையும் தேடினால்தான் முழுவதும் அகப்படும். அலவாங்கோ போர்த்துக்கேயரின் ‘அலவங்கா’. இப்படி இரு வழியாகவும் பயணித்த சொற்கள் இருக்க, கவ்வாத்துக் கத்தியின் வளைவுக்கும் முனைக்கும் முதுகுக்கும் தொழிலாளர் வைத்த பெயர்களைத் தமிழில் தட்டினால் இணையத்தில் மிகச் சொற்பமே கிடைக்கிறது. ஒரு கருவிக்கு அரை நிமிடம் போதும்: சொல்பவர் கருவியைக் கையில் பிடித்தபடி பெயரையும் பாகங்களையும் சொல்ல, கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஊவாவில் ஒரு சொல்லும் டிம்புளையில் வேறொரு சொல்லும் வந்தால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள், புத்தகத் தமிழுக்குத் திருத்த வேண்டாம்.

தேடுவதற்கு 1881இல் தொடங்கிய ‘டிராப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ இதழின் பல தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். இலங்கை பற்றிய பேர்கசன் ஆண்டு விவரத்திரட்டின் விளம்பரப் பக்கங்களில் இறக்குமதியாளர் பெயர்கள் உள்ளன. பிரித்தானிய உற்பத்தியாளர்களுக்கு கிரேசஸ் கைட் இணையதளம், அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு டேட்டாம்ப் இணையதளம். ஏல விற்பனைப் பக்கங்கள் சில மாதத்தில் மறைந்துவிடும். பார்த்த அன்றே, இணையப் பக்கங்களைப் பாதுகாக்கும் வேபேக் மெஷினில் சேமித்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்குள்ள படங்களை எடுத்து உங்களுடையதாகப் போடாதீர்கள். சொந்தப் படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் திறந்த உரிமத்தோடு, தமிழ் விளக்கத்தோடு ஏற்றலாம். ஏட்டுப் பிரதிகளும் ஒலிப்பதிவுகளும் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குப் பொருந்தும். வீட்டில் எடுத்த படமென்றால் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். முகநூலில் மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் யாராலும் தேடி எடுக்க முடியாது.

ஆசிரியர் அவர்களே, வாரமலரில் உள்ளங்கை அளவு இடம் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். வாரம் ஒரு கருவியின் படம், கீழே நான்கு வரி. வாசகர்கள் அனுப்ப வேண்டியவை: அங்குலத்தில் நீளம், எடை, முத்திரையில் உள்ளது எழுத்துக்கு எழுத்து, தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும், கருவியின் பெயரைச் சொன்னவரின் வயதும் அவர் செய்த வேலையும். தெளியாத முத்திரைகளை அப்படியே படமாகப் போடுங்கள், அடுத்த வாரம் வேறொரு தோட்டத்திலிருந்து பதில் வரும்.

இப்படிக்கு,
பழைய கைக்கருவிகளைப் பதிவு செய்யும் வாசகர்கள்,
ஹட்டன்