அது லோகோ செடி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அமெரிக்கக் கொலராடோ மாநிலப் பயணக் கட்டுரையில் 'குதிரையைப் பைத்தியமாக்கும் செடி' என்று ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். குதிரையைப் பைத்தியமாக்குவது லோகோ என்ற செடி. படத்தில் இருப்பது அது இல்லை, லூபின் என்ற வேறு செடி. விரித்த கைவிரல் மாதிரி ஒரே இடத்திலிருந்து இலைகள் பிரிந்தால் லூபின். லோகோவுக்குப் புளியிலை போல நடுக்காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். இரண்டும் அவரைக் குடும்பம், இரண்டிலும் ஊதாப் பூ உண்டு, இரண்டும் அந்த வறண்ட மேய்ச்சல் நிலத்தில் வருஷக்கணக்காக நிற்பவை. தடுமாற்றம் யாருக்கும் வரும். (லூபினும் சாது இல்லை. சினையான 40-ஆம் நாளிலிருந்து 70-ஆம் நாள் வரை மாடு சில வகை லூபினைத் தின்றால் கன்று கால் கோணிப் பிறக்கும்.)

கொலராடோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லோகோவைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். பூவின் அடியிதழ்கள் படகு மாதிரி சேர்ந்து, முனையில் கிளிமூக்குப் போல ஒரு சின்னக் கூர் நீட்டிக்கொண்டிருக்கும்.

படத்தை விடுங்கள். விஷம் செடியுடையது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்தல். ஸ்வைன்சோனின் என்ற அந்த விஷத்தைத் தயாரிப்பது, செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. நியூ மெக்சிகோ ஆய்வாளர்கள் 2003-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். விதையின் மேல்தோல் வழியாகத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தோலை உரித்துவிட்டு விதைத்தால் வளரும் செடியில் விஷம் இருப்பதில்லை.

குதிரை போதைக்கு அடிமையாகித் தின்கிறது என்பதும் பழைய கதை. வசந்தத்தின் தொடக்கத்தில் மற்ற புல் காய்ந்து கிடக்க, லோகோ முந்திக்கொண்டு பச்சை கட்டும். ஒரு மாடு தின்பதைப் பார்த்து இன்னொன்று பழகும். சில வாரம் தின்றால் உயிரணுக்களில் சர்க்கரைக் கழிவு தேங்கி நரம்பு கெடும். நடை தள்ளாடும், சும்மா நிற்கிற குதிரை திடீரென்று மிரளும். பிறகு தேறியது போலத் தெரிந்தாலும் அதன்மேல் ஏறிச் சவாரி செய்வது ஆபத்து.

வெட்டி ஒழிக்கலாமே என்றால், அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1881 முதல் 1885 வரை கொலராடோ அரசு பிடுங்கிய செடிக்குப் பவுண்டுக்கு ஒன்றரை சென்ட் வீதம் கொடுத்தது. கிட்டத்தட்ட 2 லட்சம் டாலர் போனது, லோகோ போகவில்லை. விதை மண்ணுக்குள் பல்லாண்டு காத்துக் கிடக்கும்.

நான் டெல்டாவில் 31 வருஷம் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவன். கோடையில் வாய்க்கால் கரையில் வேறு பச்சை இல்லாதபோது நெய்வேலிக் காட்டாமணக்கை மேய்ந்த வெள்ளாடுகள் தலை நடுங்க, பின்கால் பின்ன வரும். குடற்புழு மருந்தும் வைட்டமின் ஊசியும் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான். அவரைக் குடும்பம் இல்லை. ஆனால் அதில் இருப்பதும் ஸ்வைன்சோனின், அங்கேயும் உள்ளே ஒரு பூஞ்சை. ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் படித்தேன். ஆடு ஓட்டி வந்த ஓர் அம்மா அன்றைக்கே சொன்னார்: "அந்தச் செடி பக்கம் விட்டாத்தான் டாக்டரய்யா இப்படி ஆவுது." நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

– ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், மன்னார்குடி