அந்த டிஸ்க் தானாகக் கெடவில்லை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் எந்த லினக்ஸைப் போடலாம் என்று நேற்று போனில் கேட்டாய். விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால், எட்டு வருடமாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

முதலில் உன் கேள்வி.

உன் லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற பிராசஸர் உன்னுடையதில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை வயதைச் சொல்லி ஓரங்கட்டுவது எனக்கும் பிடிக்காது; லினக்ஸ் போடும் முடிவு சரிதான். ஆனால் மூன்று வாரமாகத் தேடித் தேடி இருபத்தாறு பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன் என்றாயே, அதுதான் வேண்டாத வேலை. மாப்பிள்ளை பார்க்கும் படலம்கூட இவ்வளவு நீளாது.

லினக்ஸ் என்று நாம் சொல்வது உண்மையில் உள்ளே இருக்கும் கெர்னலை மட்டும்தான். 1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லி வெளியிட்டது. பிராசஸர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதன் வேலை. அதன்மேல், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள், நம் கண்ணுக்குத் தெரிகிற டெஸ்க்டாப், வேண்டிய மென்பொருளை எடுத்துக்கொள்ள ஒரு களஞ்சியம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் அது ஒரு டிஸ்ட்ரோ. துணி ஒன்றுதான், தையல்காரர்கள்தான் வேறு.

உன் தாளில் இருப்பவற்றில் பல ஒரே வம்சம். 1993-இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். (காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது. கம்ப்யூட்டர்காரர்களுக்கும் இதெல்லாம் தோன்றியிருக்கிறது.) டெபியனிலிருந்து 2004-இல் உபுண்டு, உபுண்டுவிலிருந்து 2006-இல் லினக்ஸ் மின்ட். பாட்டி, அம்மா, மகள் என்று வைத்துக்கொள்.

நீ மகளைப் போடு. மின்ட், அதிலும் சின்னமன் பதிப்பு. இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸில் பழகிய கை அதன் போக்கிலேயே போகும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். உன் லேப்டாப்பில் ராம் 4 ஜிபிதான் என்றால் சின்னமனுக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடு. அலங்காரம் குறைவு, பாரமும் குறைவு. ஃபெடோரா நல்லதுதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆயுள். போனில் வரும் அப்டேட்டையே மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிற உனக்கு அது ஒத்துவராது. ஆர்ச், செங்கல் செங்கலாக வீடு கட்ட ஆசைப்படுபவர்களுக்கு. காளி என்ற பெயரை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன் என்றாய். அது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களின் கருவிப்பெட்டி. திரை கறுப்பாக இருக்கிறது என்பதற்காக அதைப் போடாதே. நாளைக்கு மின்ட் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்கு மாறுவது ஒரு சாயங்கால வேலை. உன் கோப்புகள் பத்திரமாக இருந்தால் போதும்.

கோப்புகள் என்றதும் அந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறையில் வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போய், இரண்டு வருடப் போட்டோக்கள் போயின அல்லவா? நீ இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய். டிஸ்க் சாகவில்லை, கண்ணம்மா. நான்தான் அழித்தேன்.

அப்போதுதான் எனக்கு முதல் லினக்ஸ். மத்தியானம், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பென் டிரைவிலிருந்து கிளப்பினேன். மொழி, கீபோர்டு, அடுத்து, அடுத்து என்று போய்க்கொண்டே இருந்தேன். 'நிறுவும் வகை' என்றொரு திரை வந்தது. டிஸ்க்கில் விண்டோஸ் இருப்பதை அது கண்டுகொள்ளவே இல்லை. 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற வரிக்கு முன்னால் இருந்த வட்டத்தில் ஏற்கெனவே புள்ளி வைக்கப்பட்டிருந்தது. டிஸ்க் என்று பென் டிரைவைத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாற்றங்களை எழுதிவிடலாமா என்று ஒரு சிறு பெட்டி கடைசியாக ஒருமுறை கேட்டது. எந்த டிஸ்க், எந்தப் பகுதி என்று அதில் விவரமாகப் போட்டிருந்தது. படிக்காமல் 'தொடர்' என்பதை அழுத்தினேன். அரை மணி நேரம் கழித்து அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து, "பாப்பா போட்டோ எல்லாம் எங்கே?" என்று கேட்டபோது திரையில் புத்தம் புதிய வால்பேப்பர் பளபளத்துக்கொண்டிருந்தது.

டிஸ்க் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது நான். ஆமாம் என்று தலையாட்டியது அப்பா. அவரை ஒன்றும் சொல்லாதே, நான் கண்ணைக் காட்டியதால்தான் தலையாட்டினார்.

ஆகவே எந்த டிஸ்ட்ரோ என்று யோசிக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கை பேக்கப்புக்குச் செலவிடு. படங்கள், படிப்புக் கோப்புகள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், எல்லாவற்றுக்கும் நகல் எடு; ஒன்று வெளி டிஸ்க்கில், இன்னொன்று வேறெங்காவது. எடுத்ததோடு விட்டுவிடாமல், அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து படங்களைத் திறந்து பார். திறக்காத நகல் இருந்தும் இல்லாததற்குச் சமம். நம் பழைய டிஸ்க் சுழலும் தட்டு வகை, அழித்தாலும் அடியில் மிச்சம் மீதி கிடக்கும். உன்னுடையது எஸ்எஸ்டி. அதில் அழித்த இடங்களை ட்ரிம் என்ற ஏற்பாடு சுத்தமாகத் துடைத்துவிடும், பிறகு தோண்டினாலும் கிடைப்பது அரிது.

இன்னொன்று, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கும், அதைத் தாளில் எழுதி வை. கம்ப்யூட்டரைக் கிளப்பும் பூட் அமைப்பில் கை வைத்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்டு அடம்பிடிக்கக்கூடும். அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது.

மற்றதெல்லாம் சுலபம். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கு, கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். கூடவே 64 எழுத்துகள் கொண்ட சரிபார்ப்புக் குறி ஒன்று தருவார்கள். இறக்கிய கோப்புக்கு நீயே அதைக் கணக்கிட்டு ஒப்பிடு. விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை உண்டு. இது வீண் சடங்கு என்று தோன்றும். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, இணைப்பைத் திருப்பிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பின்கதவு வைத்த கோப்பை ஜனங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மின்ட் குழுவே அதை வெளிப்படையாகச் சொன்னது. மின்ட் குழுவின் அசல் குறியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கோப்பு மாறியிருப்பது தெரிந்துவிடும்.

கோப்பை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது எட்ச்சர் என்ற நிரலை வைத்து எழுத வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் போதும்; அதில் இருப்பது எல்லாம் போய்விடும். பிறகு லேப்டாப்பை அணைத்து, மறுபடி போடும்போது எஃப்12 அல்லது எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே இரு (எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் நேராக எழுந்துவிடும், உன் டிஸ்க்கைத் தொடாமலே.

இங்கே அவசரப்படாதே. ஒரு சாயங்காலம் முழுக்க இப்படியே ஓட்டிப் பார். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா. வெளிச்சத்தைக் கூட்டும் விசையைக்கூட அழுத்திப் பார். கீபோர்டு அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசை அமைப்பு உள்ளேயே இருக்கிறது, இந்தக் கடிதம் முழுவதையும் அதில்தான் அடிக்கிறேன். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் மந்தமாகத்தான் இருக்கும்; அதை வைத்து வேகத்தை எடை போடாதே. வைஃபை மட்டும் தகராறு செய்தால் போனைக் கேபிளில் இணைத்து இணையம் கொடு. நிறுவிய பின் டிரைவர் மேலாளரைத் திறந்தால் தேவையான டிரைவர் (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) பல நேரம் அங்கேயே கிடைத்துவிடும்.

விண்டோஸை வைத்துக்கொள்வதா, துடைத்துவிடுவதா? உன் வேலைக்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸோ ஃபோட்டோஷாப்போ கண்டிப்பாக வேண்டும் என்றால் வைத்துக்கொள், இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆபீஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும் என்றாலும் முதல் ஆறு மாதம் இரண்டையும் அருகருகே வைத்திருப்பதுதான் என் கட்சி. முதலில் விண்டோஸின் வேகத் தொடக்கத்தை நிறுத்து. அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேலாண்மையிலேயே அதன் பகுதியைச் சுருக்கி 100 ஜிபி காலி இடம் விடு. இரண்டும் குடியேறிய பிறகு விண்டோஸில் கடிகாரம் தப்பாகக் காட்டினால் பயப்படாதே. ஒன்று உள்ளூர் நேரத்தையும் மற்றது உலகப் பொது நேரத்தையும் உள்ளே எழுதி வைக்கும் சண்டை அது. ஒரே கட்டளையில் தீரும், அப்போது கேள், சொல்கிறேன்.

நிறுவும் வகைத் திரை வரும்போது கையை மவுஸிலிருந்து எடுத்துவிடு. 'விண்டோஸுக்கு அருகில் நிறுவு' என்ற வரி இருந்தால் அதுதான் உனக்கு. இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. பட்டியலில் டிஸ்க்கின் பெயர் புரியாவிட்டால் அளவைப் பார். 512 ஜிபி உன் டிஸ்க், 8 ஜிபி பென் டிரைவ். இந்த ஒன்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நிறுவியதும் புதுப்பிப்புகளை ஓடவிடு, டைம்ஷிஃப்டை முடுக்கிவிடு. ஏதாவது அப்டேட் சொதப்பினால் அமைப்பை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். அது காப்பாற்றுவது அமைப்பை மட்டும்தான். நாமாக மாற்றாதவரை உன் படங்களைச் சேர்த்துக்கொள்ளாது. டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று வெளி டிஸ்க்கை மறந்துவிடாதே.

இன்னும் ஒரு சங்கதி. செத்துவிட்டது என்று சொன்ன பொய்யைக் காப்பாற்ற அன்றைக்குப் புது டிஸ்க் வாங்க வேண்டியதாயிற்று. அதனால் பழையதில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படாமல் அலமாரியில் கிடந்தது. போன மாதம் அதை எடுத்து, போட்டோரெக் என்ற இலவச நிரலை அதன்மேல் ஓடவிட்டேன். அது கோப்பின் பெயரையோ அடைவையோ தேடுவதில்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போய், படம் ஒன்று எப்படித் தொடங்குமோ அந்த அடையாளம் கண்ணில் பட்டால் அள்ளி எடுக்கும். ஆயிரக்கணக்கில் வந்தன. பாதி, எந்தக் காலத்திலோ பார்த்த இணையப் பக்கங்களின் குட்டிப் படங்கள். உன்னுடையவை இதுவரை 312. எதற்கும் பெயர் கிடையாது, எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும்தான். தினமும் இரவு பத்துப் பதினைந்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. மேல்பாதியில் பள்ளி மேடை. நீ கண்ணை மூடிச் சிரிக்கிறாய். உன் தோளில் கை போட்டுக்கொண்டு, இரட்டைச் சடையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெண் நிற்கிறாள். அப்பாவுக்கும் தெரியவில்லை. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவள் பெயரை எழுது, கோப்புக்கு வைத்துவிடுகிறேன்.

அம்மா