அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார்

சொந்தக்காரர்கள், அப்பாவிடம் படித்தவர்கள், எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா நேற்று ராத்திரி தூத்துக்குடி வந்து சேர்ந்தார். நன்றாக இருக்கிறார். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார், பேப்பரைப் பாதி படித்தார், அப்படியே கண்ணசந்துவிட்டார். இத்தாலியில் வெனிஸுக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களில் அநேகம் பேருக்குத் தெரியும். அந்த ராத்திரிகளில் எங்களோடு சேர்ந்து நீங்களும் தூங்காமல் இருந்தீர்கள். அதை மறுபடி ஒரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் நன்றி சொல்லாமலும் இருக்க முடியவில்லை. போனில் ஒவ்வொருவரிடமும் பேச ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில், உங்களில் யாருக்குமே தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தா. அவரைப் பார்த்துக்கொள்ள தினமும் வருவார் அவர் மனைவி. எண்பது வயதுக்குக் குறையாது. பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆனால் அவரிடம் சம்மதம் வாங்காமல் பேரை இங்கே எழுத மனம் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் அவரை வெனிஸ் பாட்டி என்றுதான் சொல்கிறார்கள், நானும் பாட்டி என்றே எழுதுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியை வெளியே நின்று பார்த்தால் ஆஸ்பத்திரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். முகப்பு 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பிய பளிங்கு மாளிகை. வாசல் ஓரச் சுவரில் சிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அம்மா முதல் நாள் அந்தச் சிங்கங்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத்தான் உள்ளே போனாள். உள்ளே தூண் வரிசையோடு ஒரு பெரிய கூடம், அதைத் தாண்டி நீண்ட நடை, அதற்கும் அப்பால்தான் வார்டுகள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் காயல். காயலுக்கு நடுவே செங்கல் மதிலும் உயரமான சைப்ரஸ் மரங்களுமாக ஒரு தீவு. அது என்ன இடம் என்று அம்மா தினமும் கேட்டாள். சான் மிக்கேலே என்று பேரை மட்டும் சொன்னோம். அந்த ஊரின் கல்லறைத் தோட்டம் அது என்று ஊர் திரும்பும் வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆபத்து நீங்கிவிட்டது, இனி எழுந்து நடந்தால்தான் தேறுவார் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு ஒரு புதுக் கஷ்டம் வந்தது. அப்பா நடக்கமாட்டேன் என்றார். நர்ஸ் வந்து கை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தோம், அத்தான் கொஞ்சம் கண்டிப்பாகவும் பேசிப் பார்த்தார். அம்மா ஓரமாகப் போய் நின்று அழுதாள். மனசு விட்டுப்போச்சோ என்பதுதான் எங்கள் எல்லோருடைய பயமும்.

பாட்டி இதையெல்லாம் தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது. அப்பா படுக்கையில் புரளும்போதெல்லாம் ஒரு கையால் போர்வையை இழுத்து இழுத்து முதுகுக்குப் பின்னால் செருகிக்கொள்வதை மட்டும் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அங்கி பின்பக்கம் திறந்தது, நாடா போட்டு முடிகிற மாதிரியானது. வேட்டி கால் தடுக்கும் என்று நர்ஸ்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பேண்ட் இடுப்பில் அழுத்தக் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வகுப்புக்குப் போன மனுஷர். வீட்டு வாசலுக்குப் பால் வாங்க வந்தால்கூடத் தோளில் துண்டு இருக்கும். அவரைப் பார்த்திருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் பாட்டி ஒரு துணிப்பை கொண்டுவந்தார். உள்ளே இரண்டு பைஜாமா செட். ஆகாய நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட பருத்தித் துணி. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. சோப்பு வாசனை. தாத்தாவுடையவை. அந்த ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் பைஜாமா, துண்டு, செருப்பு எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டி பையை அம்மா மடியில் வைத்துவிட்டு, அப்பாவைக் காட்டி, தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். அம்மா ஒரு நிமிஷம் முழித்தாள். அப்புறம் புரிந்துபோய் அந்தப் பாட்டியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தாத்தா நல்ல உயரம், அப்பா குள்ளம். கால் பக்கம் ஒரு சாண் அதிகம். மடித்துவிட்டால் போதும் என்று நான் சைகை காட்டினேன். பாட்டி தலையை ஆட்டி மறுத்தார். நடக்கும்போது அவிழ்ந்து தடுக்குமாம். கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பா எடுத்தார், பழைய மிட்டாய் டப்பா. அதில் ஊசி, நூற்கண்டு, சின்னக் கத்தரி. அப்பாவின் கணுக்கால் பக்கத்தில் துணியை வைத்து அளவு பார்த்தார். துணியை வெட்டாமல் உள்பக்கமாக மடித்து, விரல்கள் முட்டிக்கு முட்டி வீங்கியிருந்த அந்தக் கையால், நெருக்கமாகத் தையல் போட்டார். ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னிடம் கொடுத்தார். ஒரு கால் முடிந்ததும் பல்லால் நூலைக் கடித்தார், தட்டிப் பார்த்தார், அடுத்த கால். அப்பா கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். தூங்கவில்லை.

திரையை இழுத்துவிட்டு, அத்தான் போட்டுவிட்டார். மேல் பொத்தான் வரைக்கும் அப்பாவே போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நர்ஸைப் பார்த்து அவரே கையை நீட்டினார். நடையின் கோடி ஜன்னல் வரை போய்த் திரும்பிவந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அத்தனை நாளில் முதல் தடவையாக முழு வாக்கியம் பேசினார்: "மார்க்கோ போலோ நம்ம பாண்டிய நாட்டுல தையக்காரனே கிடையாதுன்னு எழுதி வச்சான். எழுநூறு வருஷம் கழிச்சு அவன் ஊர்லயிருந்து ஒரு அம்மா எனக்குத் தச்சுக் குடுத்திருக்காங்க பாரு."

அவரிடம் வரலாறு படித்தவர்களுக்கு இதைக் கேட்டதும் நான் ஏன் நடைவழி என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன் என்று புரியும். வெனிஸ்காரர் மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்ததும், காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதிவைத்ததும், முத்துக்குளிப்பைச் சொன்னதும், வெயிலுக்கு இந்த ஜனங்கள் மேலே துணியே போடுவதில்லை, அதனால் தையற்காரருக்கு வேலையில்லை என்றதும் அப்பா வருஷா வருஷம் சொல்லும் பாடம். பழையகாயலுக்கு சைக்கிளில் கூட்டிப்போய் இடத்தைக் காட்டியும் பாடம் நடத்தியிருக்கிறார். நாங்கள் வெனிஸைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். போலோவின் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு தியேட்டர் இருக்கிறது. சுவரில் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

பாட்டி அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி சூப்பில் மாமிசச் சாறு சேர்ந்திருக்கும் என்பதால் அப்பா அதைத் தொடாமல் வைத்ததைப் பார்த்துவிட்டு, சமையலறை ஆட்களிடம் போய் எடுத்துச் சொன்னது அவர்தான். அன்றிலிருந்து ஆலிவ் எண்ணெய் விட்ட வெறும் சாதம் வந்தது. நர்ஸிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் வீட்டிலிருந்து பச்சைப் பட்டாணி போட்டுக் குழைய வேகவைத்த சாதம் கொண்டுவந்தார். அந்த ஊர்ப் பட்டாணிக் காலத்துச் சாப்பாடு அது. பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கமாம், எங்களுக்காக இல்லாமல் செய்திருந்தார். அப்பா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். ஏப்ரல் 25, அவர்களுடைய மாற்கு புனிதர் திருநாள். அன்று வெனிஸில் ஆண்கள் மனைவிக்குச் சிவப்பு ரோஜா மொட்டு ஒன்று கொடுப்பார்கள். தாத்தாவால் வெளியே போக முடியாதே. பாட்டியே இரண்டு மொட்டு வாங்கிவந்து, ஒன்றைத் தாத்தா கையில் வைத்துத் தான் வாங்கிக்கொண்டார். இன்னொன்றை அப்பா கையில் வைத்து அம்மாவைக் காட்டினார். அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது அவருடைய சொந்த வீட்டுக்காரர் பக்கத்தில் எங்கள் அப்பாவைவிட மோசமான நிலையில் கிடந்தார். இதைத்தான் என்னால் இன்னும் தாண்டிப்போக முடியவில்லை. நாங்கள் கிளம்பும்போது பைஜாமாக்களைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வாங்க மறுத்துவிட்டார், விமானத்தில் குளிரும் என்று தோளைக் குறுக்கிக் காட்டினார். அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் ஊர் வந்தார். தாத்தா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். அவர் எழுந்து நடந்தால் திருச்செந்தூருக்கு வந்து மாவிளக்கு போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். நீங்களும் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போகும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மற்றவர்கள். அன்று அதிகாலையில் படகு ஆம்புலன்ஸில் வந்து, குறுகலான படியில் அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய அந்த நான்கு பேர். அந்த ஊரில் வீட்டு எண்கள் தெரு வாரியாக இல்லை, ஒரு பகுதி முழுக்க ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் ஓடும். அந்தப் படகுக்காரர்களுக்கு வழி காட்ட ராத்திரி உடையிலேயே கால்வாய் ஓரம் ஓடிப்போய் டார்ச் அடித்த கீழ்வீட்டு அண்ணன். சிம் கார்டுக்குக் காசு வாங்காமல் "பாபா எப்படி இருக்கார்" என்று தினமும் விசாரித்த வங்காளதேசத்துக் கடைத் தம்பி. ஜெர்மனியிலிருந்து எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுத்து, டாக்டர் சொன்னதை நிதானமாக மொழிபெயர்த்துச் சொன்ன அப்பாவின் பழைய மாணவர். லண்டனிலிருந்து வந்து பிள்ளைகளைத் தன்னோடு கூட்டிப்போய் வைத்துக்கொண்ட மைனி. விசா தேதி நெருங்கியபோது வழி சொன்ன அதிகாரிகள். இன்சூரன்ஸ் காகிதங்களை இங்கே ஒவ்வொன்றாகத் தேடி ஸ்கேன் செய்து அனுப்பிய சித்தப்பா. வீட்டுச் சாவியை வாங்கிவைத்து, துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, நாங்கள் வந்து இறங்கிய ராத்திரி ரசமும் சாதமும் சூடாகக் கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா. பணம் வேண்டுமா என்று கேட்டவர்கள், கேட்காமலே அனுப்பியவர்கள். பேர் விட்டுப்போயிருந்தால் அது என் அசதி என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் வரும்போது எனக்கு ஒரே யோசனை. நம் ஊர் பெரியாஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உப்பளத்திலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடக்கத்திப் பையன்கள் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மீன்பிடிக்க வந்த இடத்தில் அடிபட்டவர்கள், கப்பலில் வேலை பார்த்து இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள் என்றும் வருவார்கள். பாவம் என்று நினைத்துவிட்டுக் கடந்து போயிருப்போம். அவர்களுக்கு மாற்றுத் துணி இருக்கிறதா என்று கேட்க யாருக்குத் தோன்றும்? இனிமேல் எனக்குத் தோன்றும். அம்மாவும் நானும் முடிவு செய்துவிட்டோம். அளவு கூட்டிக் குறைக்கத் தோதாக நாடா வைத்த பைஜாமா, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை, பெண்களுக்கு நைட்டி, ஆளுக்கொரு துண்டு. இதை வீட்டில் தைத்துத் துவைத்து வைத்திருப்பது, துணையில்லாதவர் யாராவது வந்திருக்கிறார் என்று தெரிந்தால் கொண்டுபோய்க் கொடுப்பது. பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது, ட்ரஸ்ட் கிட்ரஸ்ட் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அப்பாவின் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அப்படி யாராவது வந்தால் எனக்கு ஒரு போன் போட்டால் போதும்.

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். ரொம்பப் பேச விடாதீர்கள், வெனிஸைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார்.

கடைசியாக ஒரு உதவியும் வேண்டும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் பத்தமடையில் ஒரு பட்டுப்பாய்க்குச் சொல்லியிருக்கிறோம், கல்யாணப் பாய் மாதிரி இரண்டு பேர் பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள். அதோடு இந்த மடலில் பாட்டியைப் பற்றிய பகுதியையும் இத்தாலிய மொழியில் எழுதி வைத்து அனுப்ப ஆசை. போனில் மொழிபெயர்த்தால் சரியாக வராது. உங்களில் யாருக்காவது அந்த மொழி நன்றாகத் தெரிந்திருந்தால், தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். பாய் நெய்து முடிய இன்னும் சில வாரம் ஆகும், அதற்குள் கிடைத்தால் போதும்.