தேய்ந்த காசு வேறு, அடி விழாத காசு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாணயம் சேர்ப்பது பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வருஷத்துக் காசு, எத்தனை வெளியானது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் விலை என்று எழுதியிருந்தார்கள். நாலாவதாக ஒன்று விட்டுப்போயிற்று. காசை அச்சில் அடிக்கும்போது அதன் மேல் அடி எப்படி விழுந்திருக்கிறது என்பதுதான் அது. மும்பை குர்லாவில் ஒரு பட்டறையில் 31 வருஷம் பதக்கமும் பேட்ஜும் அடித்தவன் நான். என் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

எங்கள் ஆச்சி தகர டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்த வெள்ளி ரூபாய்களில் ஒன்று 1918-ஆம் வருஷத்தது, பம்பாய்க் காசு. (பின்பக்கம் அடியில் இருக்கும் தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.) ஐந்தாம் ஜார்ஜ் போட்டிருக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. 1911-ல் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய கலாட்டாவாகி, காசில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, மறுவருஷம் தும்பிக்கையைத் திருத்திப் போட்டார்களே, அதே யானை. ஆச்சியின் காசில் அதன் தலை சப்பையாக இருக்கிறது. ஃபோர்ட் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "கிஸா ஹுவா ஹை, காகா" என்றார். தேய்ந்த காசாம், வெள்ளி எடைக்குத்தான் எடுப்பாராம். சரி என்று திரும்பும்போது அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். அதே மாதிரி இன்னொரு ரூபாய், யானை அதே சப்பை. அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, புழங்காத காசு என்று சீட்டு ஒட்டி, எனக்குச் சொன்னதைப் போல நாலு மடங்கு விலை!

ஆச்சியின் காசு தேயவில்லை. முதல் நாளே அந்த இடத்தில் வெள்ளி நிரம்பவில்லை, அவ்வளவுதான். கணபதி மண்டல்களுக்கு (பிள்ளையார் விழாக் குழுக்களுக்கு) பித்தளைப் பேட்ஜ் அடிக்கும்போது நாங்கள் தினமும் பார்த்த சங்கதி இது. டையில், அதாவது அடிக்கும் அச்சில், தும்பிக்கைதான் ஆழமான இடம். பிரஸ் கொஞ்சம் இளகியிருந்தாலோ, தகட்டைச் சரியாகச் சூடாக்கி மெதுவாக்காமல் விட்டிருந்தாலோ, பித்தளை அந்தப் பள்ளத்தின் அடிவரை போகாது. ஓரமெல்லாம் கச்சிதமாக இருக்கும், பிள்ளையாருக்குத் தும்பிக்கை மட்டும் மழுங்கியிருக்கும். முன்பக்க ஆழத்துக்கு நேர் பின்னாலும் ஆழமான டிசைன் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே உலோகத்துக்குப் போட்டி போடும்.

அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலரில் இதை நன்றாகப் பார்க்கலாம். நியூ ஆர்லியன்ஸில் அடித்த பல காசுகளில் காதுக்கு மேலே முடியும், மறுபக்கம் கழுகின் மார்பும் சேர்ந்தே சப்பையாக இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. 1918-ல் அமெரிக்கா சட்டம் போட்டு 27 கோடி வெள்ளி டாலரை உருக்கியது. அதில் பெரும்பகுதி வெள்ளி, ரூபாய் அடிக்க இந்தியாவுக்குத்தான் வந்தது.

சப்பை இடத்தை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தையில்லை. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, மேஜை விளக்கு ஒன்று போதும். காசை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். தேய்ந்த இடம் வழுவழுவென்று, மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒளி அங்கே வந்ததும் அணைந்துவிடும். அடி விழாத இடத்தில் பளபளப்பு அறுபடாமல் ஓடும். லென்ஸில் பார்த்தால் அச்சுப்படாத வெறும் வில்லையில் இருந்த பொடிக்கீறல், சொரசொரப்பு எல்லாம் அப்படியே தெரியும். டை அங்கே தொட்டிருந்தால் அவை அழிந்திருக்கும். என் காசில் யானைத் தலையில் நாலு கீறல் இருக்கிறது, நாலும் தலைக்கு வெளியே போகவில்லை.

விலை குறையாது என்று நான் சொல்லவில்லை. தரம் பிரிக்க 1 முதல் 70 வரை ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். புழங்காத காசு 60-இல் தொடங்கும். அடி மோசமாக இருந்தால் 60-க்கு மேலே நின்றாலும் 65, 66 என்று ஏறுவது கஷ்டம். அமெரிக்காவில் 1945-ல் பிலடெல்பியாவில் அடித்த பத்து சென்ட் காசு சாதாரணமாகக் கிடைப்பது. பின்பக்கம் இருக்கும் கழிக்கட்டின் (கழிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டின் உருவம்) நடுப்பட்டையில் இரண்டு கோடும் பிரிந்து தெளிவாக விழுந்திருந்தால் மட்டும் ஆயிரக்கணக்கான டாலர். அதையே அங்கே சீட்டில் தனியாக எழுதிவிடுகிறார்கள். என் காசுக்கும் அடி குறை என்று சொல்லி விலையைக் குறைக்கட்டும், நியாயம். வாங்கும்போது தேய்ந்தது, விற்கும்போது புதுசு என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கட்டுரையோடு போட்ட ரூபாயின் படம் கடுகளவு இருந்தது. லென்ஸ் வைத்தும் பார்த்துவிட்டேன், யானையைக் காணோம். அடுத்த முறை அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். படம் எடுக்க ஆச்சியின் காசைத் தருகிறேன். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரஸ் ஆபரேட்டர்,
சயான் கோலிவாடா, மும்பை.