அந்த 13 ஜி லூப்பைப் பற்றி மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

பூங்கா கட்டுகிற கணினி விளையாட்டான பிளானட் கோஸ்டரில் நீ கட்டி அனுப்பிய ரோலர் கோஸ்டர் கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். ஸ்டேஷன் கட்டடம் பிரமாதம். ஓட்டுக்கூரை, வரிசையில் நிற்கிறவர்களுக்கு நிழல், மரங்களை நட்டிருக்கிற விதம் எல்லாமே அசல் பூங்காவில் எடுத்த புகைப்படம் போல இருக்கின்றன. "நிஜம் மாதிரி இருக்கா அத்தை?" என்று கேட்டிருந்தாய். சுற்றுப்புறம் நிஜம். ரயில் ஓடுகிற பாதைதான் நிஜமாக இல்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். உன்னைப் போலக் கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டுமே என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதல் லூப்பை, அதாவது ரயில் தலைகீழாகச் சுற்றி வருகிற வளையத்தை, எடுத்துக்கொள். 90 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிற ரயில், உராய்வை ஒதுக்கிவிட்டால், அடிவாரத்துக்கு வரும்போது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ரயில் எத்தனை டன் என்பது இந்தக் கணக்கில் வராது, உயரம் மட்டும்தான். அந்த வேகத்தோடு அதை நேராக 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் விட்டிருக்கிறாய். நுழைகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் விழுவது 13 ஜி, அதாவது அவருடைய எடையைப் போல 13 மடங்கு. அறுபது கிலோ ஆள் 780 கிலோ கனத்தை உணர்வார். உச்சியில் தலைகீழாகப் போகும்போதுகூட 7 ஜி. நிஜ கோஸ்டர்களில் 4, 5 ஜி வந்தாலே நன்றாக அழுத்துகிற இடம் என்பார்கள், அதுவும் கண நேரம்தான். உன் பூங்காவுக்கு வருகிறவர்கள் வாசல்வரை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாயே, அவர்களுக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் நீ முதல் ஆளில்லை. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1895-இல் ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்று ஒன்று கட்டினார்கள். சுத்தமான வட்ட லூப். ஏறி இறங்கியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வட்டத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. உச்சியில் ஆள் எடையில்லாமல் மிதக்கிற அளவுக்கு மட்டும் வேகம் கொடுத்தாலும், அடியில் 6 ஜி வந்தே தீரும். ஆரத்தைக் கூட்டு, குறை, அதே 6. அதைவிட மோசமான விஷயம், நேர்ப்பாதை முடிந்து வட்டம் தொடங்குகிற புள்ளியில் 1 ஜி ஒரே தாவலில் 6 ஆவது. உடம்பு கொஞ்ச நேரத்துக்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும், இந்தத் தாவலைத் தாங்காது.

தீர்வு வந்து நிலைக்க 1976 வரை ஆயிற்று. கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் அன்டன் ஷ்வார்ஸ்கோப் கட்டிய ரெவல்யூஷன் என்கிற கோஸ்டர் அந்த வருடம் திறந்தது. அதற்குக் கணக்குப் போட்டவர் வெர்னர் ஷ்டெங்கல் என்கிற ஜெர்மானியப் பொறியாளர். அந்த லூப்பின் படத்தைத் தேடிப் பார், வட்டமாக இருக்காது, கண்ணீர்த்துளி வடிவில் இருக்கும். ரயில் வேகமாக இருக்கிற அடிப்பகுதியில் வளைவு தளர்வு, வேகம் குறைகிற உச்சியில் இறுக்கம். முன்னேற முன்னேற வளைவு சீராகக் கூடிக்கொண்டே போகிற இந்தக் கோட்டுக்கு கிளாத்தாய்டு என்று பெயர். ரயில்வேக்காரர்களும் நெடுஞ்சாலைக்காரர்களும் அதற்கு முன்பிருந்தே பயன்படுத்தி வந்த வளைவுதான்.

உன் லூப்புக்கு 90 மீட்டர் வேண்டவே வேண்டாம். 40 போதும். அடியில் வளைவின் ஆரத்தை 23 மீட்டருக்கு மேல் வைத்தால் நாலரை ஜிக்குள் அடங்கிவிடும். 90 மீட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் லூப்பை மறந்துவிடு. ஒஹையோவின் சீடர் பாயிண்டில் 2000-இல் திறந்த மில்லேனியம் ஃபோர்ஸைப் பார். 94 மீட்டர் உயரம், உன் ரயிலின் அதே மணிக்கு 150 கிலோமீட்டர். அதில் ஒரு லூப்கூடக் கிடையாது. பெரிய மேடுகளும் படுத்துக்கிடக்கிற அகல வளைவுகளும்தான். அதற்கும் கணக்கு ஷ்டெங்கலுடையதுதான்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ கேமராவை உயரத்தில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தை வரைகிறாய். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறாய். நிஜத்தில் கோஸ்டர் வடிவமைக்கிறவர்கள் தண்டவாளத்திலிருந்து தொடங்குவதில்லை, இருக்கையில் இருப்பவரின் நெஞ்சிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த நெஞ்சு காற்றில் எந்தக் கோட்டில் போக வேண்டும், அதன்மேல் எந்த நொடியில் எவ்வளவு விசை விழ வேண்டும் என்பதை முடிவு செய்கிறார்கள். தண்டவாளம் அதற்குப் பிறகு வருவது. அந்தக் கோட்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடக் கீழே, அதைச் சுற்றிச் சுற்றிப் போகும்.

உன் வளைவுகளில் என்ன நடக்கிறது என்று பார். ரயில் சாய வேண்டிய இடத்தில் தண்டவாளத்தையே அச்சாக வைத்துத் திருப்பியிருக்கிறாய். தண்டவாளம் இருந்த இடத்திலேயே திரும்புகிறது, மேலே இருக்கிற தலை மட்டும் விசுக்கென்று பக்கவாட்டில் போய் வருகிறது. நெஞ்சை அச்சாக வைத்தால் தலைகீழ்க் கதை. உடம்பு தன் கோட்டில் அமைதியாகப் போகும், தண்டவாளம்தான் அதற்குக் கீழே ஊசலாடும். இடப்பக்கம் சாய்கிற வளைவுக்குள் நுழையும்முன் தண்டவாளம் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். வெளியிலிருந்து பார்த்தால் கட்டினவனுக்குக் கை நடுங்கியதோ என்று தோன்றும். அந்தக் கோணல்தான் அசலுக்கு அடையாளம். ஹார்ட்லைன் என்று இதைச் சொல்வார்கள். இந்த வேலையிலும் ஷ்டெங்கல் பெயர்தான் முதலில் வரும்.

எவ்வளவு சாய்ப்பது என்பதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்றால் சுமார் 58 டிகிரி. அப்போது பக்கவாட்டு விசை ஏறக்குறைய பூஜ்யமாகி, எல்லாம் இருக்கைக்குள் அழுத்துகிற விசையாக மாறும், 2 ஜிக்குக் கொஞ்சம் குறைவாக. நீ எல்லா வளைவுக்கும் 90 டிகிரி கொடுத்திருக்கிறாய். பார்க்க மிரட்டலாக இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் வளைவின் உள்பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டு போவார்.

மேடுகளுக்கும் இதே நியாயம். உன் மேடுகள் அரைவட்டம். மேடு என்பது எறிந்த கல் போகிற பாதையை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆள் இருக்கையிலிருந்து எழும்பி மிதப்பார், ஏர்டைம் கிடைக்கும். உச்சியில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால், அங்கே ஆரம் 23 மீட்டர் இருந்தால் எடை பூஜ்யம். நீ 12 மீட்டர் வைத்திருக்கிறாய். மைனஸ் 0.9 ஜி! தொடைக்கு மேலே இருக்கிற கம்பி மட்டும்தான் ஆளை ரயிலில் வைத்திருக்கும். அப்படிப்பட்ட மேடுகள் நிஜத்திலும் உண்டு, அதற்கென்றே தேடிப் போய் ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால் குடும்பங்கள் ஏறுகிற கோஸ்டர் என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறாயே.

நெஞ்சிலிருந்து தொடங்குவது என்பதை அப்படியே ஒரு மென்பொருளாக்கியிருக்கிறார்கள். நோ லிமிட்ஸ் என்கிற சிமுலேட்டரைக் கேள்விப்பட்டிருப்பாய். கடை, விருந்தாளி, காசுக் கணக்கு எதுவும் இல்லாமல் கோஸ்டர் மட்டுமே கட்டுகிற இடம். கோஸ்டர் தயாரிக்கிற நிறுவனங்களே அதைப் பயன்படுத்துகின்றன. அதற்குப் பாதை அமைத்துத் தர ஓப்பன் எஃப்விடி என்று இலவசக் கருவி ஒன்று உண்டு. அதில் தண்டவாளத்தை வரையவே மாட்டாய். அடுத்த ஒன்றரை நொடியில் செங்குத்து விசை 4-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கட்டும், இவ்வளவு வேகத்தில் உருளட்டும் என்று கொடுத்தால் போதும், பாதை தானாக விழும். முதலில் வருகிற பாதை எங்கோ மண்ணுக்குள் போய்ச் சொருகும், எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள். பிளானட் கோஸ்டரை விட்டுவிடு என்று சொல்லவில்லை. அதிலும் சோதனை ஓட்டம் முடிந்ததும் செங்குத்து ஜி, பக்கவாட்டு ஜி எல்லாம் தண்டவாளத்தின்மேலேயே வண்ணமாகக் காட்டும். இது புதிதும் இல்லை. 1999-இல் வந்த ரோலர் கோஸ்டர் டைகூனிலேயே ஜி விசை வரைபடம் இருந்தது. அதை உருவாக்கிய கிறிஸ் சாயர் கிட்டத்தட்ட முழு கேமையும் அசெம்பிளி மொழியில் எழுதி, அந்த வரைபடத்தையும் வைத்துக் கொடுத்தார். நாங்கள் யாரும் அதைத் திறந்ததில்லை, ஐஸ்கிரீம் விலையை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அடுத்து நிலம். உன் பூங்கா தட்டையான புல்வெளி, உயரத்துக்குத் தடையில்லை. கையில் எதுவும் தட்டாததால் பாதை கண்டபடி அலைகிறது. இங்கிலாந்தின் ஆல்ட்டன் டவர்ஸ் பூங்காவில் இருக்கிற நெமஸிஸ் கோஸ்டரைப் பற்றிப் படி. அந்தப் பூங்காவில் மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது என்பது கட்டட அனுமதி விதி. அதை வடிவமைத்த ஜான் வார்ட்லியும் அவருடைய ஆட்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே போக முடியாவிட்டால் கீழே போவோம் என்று பாறையை வெடிவைத்து உடைத்துப் பள்ளம் தோண்டினார்கள். 1994-இல் திறந்தது. ரயில் தண்டவாளத்துக்குக் கீழே, பக்கவாட்டில் ஊசலாடாமல் தொங்குகிற இன்வெர்ட்டட் வகை, ஐரோப்பாவில் அந்த வகையில் அதுதான் முதல். தரையிலிருந்து அளந்தால் 13 மீட்டர் உயரம்தான். வேகம் மணிக்கு 81 கிலோமீட்டர். எண்களைப் பார்த்தால் உன் கோஸ்டருக்கு முன்னால் நிற்காது. ஆனால் கால் தொங்க உட்கார்ந்திருப்பவருக்குப் பாறைச் சுவர் உள்ளங்காலை உரசுகிற மாதிரி வரும்போது 81 என்பது வேறு வேகம். தண்டவாளம் தேய்ந்துபோனபோதுகூட வேறு கோஸ்டர் கட்டவில்லை, அதே வடிவத்தில் புதுத் தண்டவாளம் போட்டு 2024-இல் மறுபடி திறந்தார்கள்.

இன்னொன்று, மூன்று ரயில் விட்டிருக்கிறாய். ரயில்கள் மோதாமலிருக்கப் பாதையைப் பிளாக் என்கிற பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிளாக்கில் ஒரு ரயில்தான் இருக்கலாம், முன்னால் உள்ள பிளாக் காலியானால்தான் பின்னால் இருப்பது நகரலாம். அதனால் ரயில்களைவிட ஒரு பிளாக்காவது கூடுதலாக வேண்டும். எண்ணிக்கையைச் சரியாகத்தான் வைத்திருக்கிறாய், ஆனால் நடுப்பாதை பிரேக்கைப் பள்ளத்தின் அடியில் வைத்துவிட்டாய். அங்கே ரயில் நின்றால் எந்த இறக்கத்தை நம்பி மறுபடி கிளம்பும்? கேம் பெருந்தன்மையாகத் தள்ளிவிடுகிறது. நிஜத்தில் அந்த பிரேக் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும், நின்ற ரயில் தானே உருண்டு மீதிப் பாதையை முடிக்கிற அளவுக்கு உயரத்தில். பக்கத்திலேயே நடைபாதையும் படிக்கட்டும் இருக்கும், ரயில் அங்கே நின்றுவிட்டால் ஆட்களை இறக்கிக் கூட்டிவர வேண்டுமே. தூண்களையும் ஒரு பார்வை பார்த்துவிடு. இரண்டு இடத்தில் தூண், கையை நீட்டினால் இடிக்கிற தூரத்தில் நிற்கிறது. அதிக விசை விழுகிற பள்ளங்களில் தூண்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். நீ உச்சியில் குவித்துவைத்துப் பள்ளத்தை அந்தரத்தில் விட்டிருக்கிறாய்.

அடுத்த கோப்புக்கு ஒரு நிபந்தனை. தரைக்கு மேலே 20 மீட்டரைத் தாண்டக் கூடாது, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டிக்கொள். ரயில் இரண்டு, லூப் ஒன்று. சோதனை ஓட்டத்தின் ஜி வரைபடத்தையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்பு. நான் அதைத்தான் முதலில் திறப்பேன்.

அன்புடன்,
அத்தை