தேக்காவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் பயண அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தைப்பூசப் பயணத்துக்காக நீங்கள் அச்சிட்டிருக்கும் நிரல்கள் சிலவற்றை வாங்கிப் படித்தேன். செந்தோசாவுக்கு ஒரு பகல், பறவைப் பூங்காவுக்கு அரைப் பகல், மெரினா பே விளக்குகளுக்கு ஒரு மாலை என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். லிட்டில் இந்தியாவுக்கு மட்டும் எல்லா நிரலிலும் ஒரே வரி: "ஷாப்பிங், இரவு உணவு." பஸ் முஸ்தபா என்ற பெரிய கடையின் வாசலில் இறக்கிவிடும், இரண்டு மணி நேரம் கழித்து ஏற்றிக்கொள்ளும். தைலப் புட்டியும் சாக்லேட்டும் நிறைந்த பைகளோடு நம் ஆச்சிமார் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அவ்வளவுதான் லிட்டில் இந்தியா.

மகள் அங்கே குடியிருப்பதால் அடிக்கடி போய்வருகிறவள் நான். அந்த வட்டாரத்தைக் கால்நடையாகவே அறிந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதியான தேக்காவுக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் ஒரு முழு நாள் கொடுங்கள். அந்த நாளில் பஸ்ஸை எடுக்காதீர்கள்.

வேறு ஊர்க்காரர்களை விட நமக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும் என்று சொல்கிறேன். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களிடம் பர்மா தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று ஒப்பிக்கிறோம். பொருள் வந்த ஊர் நமக்கு மனப்பாடம். அதை வாங்கிய பணம் யாரோடு புழங்கிச் சேர்ந்தது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட நாம் சொல்வதில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வட்டிக்குக் கொடுத்து வாங்கிய கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், இரு பக்கமும் வரிசையாகக் கைப்பெட்டிகள், பெட்டிக்குப் பின்னால் ஆள் உட்காரும் பாய். பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுத்துக்கொள்வார்கள். அந்தப் பாயின் எதிரே வந்து உட்கார்ந்து கடன் வாங்கியவர்களில் சீனக் கடைக்காரர், மலாய்க்காரர், ஐரோப்பியர் எல்லோரும் உண்டு. நகரச் சீரமைப்புக்காக அந்தக் கட்டடங்களை இடித்துவிட்டார்கள். இன்று அங்கே வானளாவிய அலுவலகங்கள்தான் நிற்கின்றன. கிட்டங்கியை இனிப் பார்க்க முடியாது. பல இனத்தார் தோளோடு தோள் உரசிப் பிழைத்த அந்த வாழ்க்கையை மட்டும் இன்னும் பார்க்கலாம். அது தேக்காவில் இருக்கிறது.

காலை எட்டு மணிக்குத் தேக்கா சந்தையில் தொடங்குங்கள். மீன் பகுதியில் கொஞ்சம் நின்றால் போதும். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் சீனர், வயதானவர். புடவை கட்டியவர்கள் வந்தால் கொடுவா, வஞ்சிரம், நெத்திலி என்று தமிழில் பெயர் சொல்லியே விலை சொல்வார். பக்கத்துக் கடைக்கு வந்த மலாய்ப் பெண்ணிடம் மலாயில் பேசுவார். கத்தி மட்டும் நிற்காது. செதில் உரித்து, வயிற்றைக் கீறி, குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டு அதற்கேற்றபடி துண்டு போடுவார். தலையைத் தனியாகப் பொட்டலம் கட்டித் தருவார். மீன்தலைக் கறி அந்த ஊரில் பெயர் பெற்றது. 1949 வாக்கில் கேரளத்திலிருந்து வந்த ஒருவர் சீன வாடிக்கையாளர்களுக்கு மீன்தலை பிடிக்கும் என்று அதைத் தம் ஊர் மசாலாவில் வைத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று வாழை இலை போட்டு அதைப் பரிமாறுகிறார்கள். பகல் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வந்து இறங்கிய அன்றே இட்லி தேடும் நம்மவர்களும் அதை மறுக்க மாட்டார்கள்.

சந்தைக்கு எதிரே, சாலையைக் கடந்தால் கெர்பாவ் சாலை. வானவில்லின் எல்லா நிறமும் அடித்த ஒரு வீடு அங்கே நிற்கிறது. 1900இல் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வணிகர் கட்டியது. அந்தப் பகுதியில் மிஞ்சியிருக்கும் சீன மாளிகை அது ஒன்றுதான். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம்மவர்களைக் கொஞ்சம் நிறுத்தி, 1900 வாக்கில் நம் ஊரில் எழுந்துகொண்டிருந்த வீடுகளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடல் கடந்து போய்ச் சம்பாதித்த ஒருவர் தம் பெயர் சொல்ல ஒரு வீடு கட்டுகிறார். அந்த ஆசையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டில்கள் இருந்தன. ரோச்சோர் ஆற்றையொட்டித் தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டு வணிகம் அங்கே வளர்ந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த யூதரான பெலிலியோஸ் அதில் பெரிய புள்ளி. வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய சாலைக்கு அவர் பெயர்தான். தமிழர்கள் மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வந்தார்கள், பின்னால் கடை வைத்தார்கள். ஆக, லிட்டில் இந்தியா தொடக்கத்திலிருந்தே தனி ஒரு கூட்டத்தின் ஊராக இருந்ததில்லை. உங்கள் வழிகாட்டிகள் "இது நம்ம ஏரியா" என்று ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இருக்கிறது. 1910ஆம் ஆண்டு வாக்கில் முடிந்த கட்டடம். வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் ஒரு சூரியன் தெரியும். அதற்கு 25 கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபி எழுத்தில். வேலை தேடியும் வணிகத்துக்கும் போன தமிழ் முஸ்லிம்கள் அங்கே தொழுதிருக்கிறார்கள். தொழுகை நேரம் தவிர்த்து, தலையை மூடிக்கொண்டு, கேட்டுவிட்டுப் போனால் உள்ளே விடுவார்கள். சரங்கூன் சாலையில் மேலே நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோயில். அதற்குப் பின்பக்கம் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு வந்தால் தாய்லாந்துத் துறவி ஒருவர் 1927இல் நிறுவிய புத்தர் கோயில். உள்ளே 15 மீட்டர் உயரத்தில் புத்தர் அமர்ந்திருக்கிறார். எதிர்ச் சாரியில் சீனர்களின் குவான் யின் கோயில். பெருமாளைச் சேவித்துவிட்டு இந்த இரண்டுக்கும் போய்வர நடக்கும் தூரம் மிகக் குறைவு. உங்கள் பஸ் இத்தனை ஆண்டுகளாக அந்தக் கோயில்களைத் தாண்டியேதான் போயிருக்கிறது.

தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நகரத்தார் 1859இல் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் புறப்படுவது அந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான். முதல் நாள், செட்டிப் பூசத்தன்று, வெள்ளித்தேர் சைனா டவுனுக்குள் போகிறது. அங்கே மாரியம்மன் கோயிலும், நடந்தால் ஓரிரு நிமிடத்தில் தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா சூலியா பள்ளிவாசலும், சுற்றிலும் சீனர் கடைகளும் இருக்கின்றன. முருகன் அந்தத் தெருக்களின் வழியே போய்த்தான் கியோங் சைக் சாலையில் லயன் சித்தி விநாயகரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பினாங்கில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே தேர் வரும் வழியில் தேங்காயை மலைபோல் குவித்துச் சிதறு தேங்காய் விடுகிறவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். வாட்டர்லூ தெருவையும் இன்னொரு மாலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன் கோயில் வாசலில் சீனப் பெண்கள் ஊதுபத்தியை இரு கையாலும் நெற்றிக்கு நேராகப் பிடித்து மூன்று முறை குனிந்து, வாசலில் வைத்திருக்கும் சாம்பல் கலயத்தில் குத்திவிட்டுப் பக்கத்திலிருக்கும் குவான் யின் கோயிலுக்குப் போவார்கள். அதே தெருவில் 1878இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடமும் இருக்கிறது.

இவற்றைச் சொல்லும்போது எல்லோரும் கூடிக் குலவினார்கள் என்று மட்டும் முடிக்கக் கூடாது என்பது என் கருத்து. நாம் வட்டிக்குக் கொடுத்தவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு நம் மேல் என்ன எண்ணம் இருந்திருக்கும்? ஆத்தங்குடித் தரையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேச நமக்கு மனம் வருவதில்லை. பிற மக்கள் நடுவே நடக்கும்போது பேசிவிடலாம்.

அந்த முழு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். இது என் இரண்டாவது கோரிக்கை. முதலாவதை விட இதைத்தான் வற்புறுத்துவேன். கூட்டம் என்று சொல்லி ஞாயிறை நீங்கள் தவிர்க்கிறீர்கள். அந்தக் கூட்டம் யார்? கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வாரம் முழுக்க உழைத்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகள். லெம்பு சாலைப் பக்கம் வங்கதேசத்தவர்கள். சரங்கூன் சாலையில் தமிழர்கள். அவர்களில் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக்காரர்கள் நிறையப் பேர். காளையார்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் பணம் அனுப்பும் கடை வரிசையில் நின்றபடி, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று என்னிடம் கணக்குச் சொன்னான். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததும், அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் அங்கே மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. நம்மவர்களும் அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பழகிவிட்டார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டங்கியில் பாய் விரித்துப் படுத்த சிப்பந்திகளான அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் நம் வீட்டுப் படத்தில் மாலையோடு இருக்கிறார்கள். விடுதியில் அடுக்குக் கட்டிலில் படுக்கும் இந்தப் பையன் யாருக்கு அந்நியன்?

வேடிக்கை பார்க்க அழைத்துப் போக வேண்டாம். படம் எடுக்கவும் விடாதீர்கள். ஒரே கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடச் செய்யுங்கள். ஊர் எது என்று கேட்டால் போதும், மீதிப் பேச்சு தானாக வரும்.

வயதானவர்கள் நடப்பார்களா என்று கேட்பீர்கள். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் பழனிக்கும் நடக்கிறவர்கள் அவர்கள். தேக்காவிலிருந்து பெருமாள் கோயில் அவ்வளவு தூரமில்லை. முடியாதவர்களுக்கு லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான ஃபேரர் பார்க்குக்கு ரயில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் வெயிலுக்கு ஒதுங்கிவிட்டு நான்குக்கு மேல் மீண்டும் தொடங்கலாம். முஸ்தபாவுக்கு இரவு போகட்டும். அந்தக் கடை இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கும்.

அடுத்த தைப்பூச நிரல் அச்சுக்குப் போகுமுன் உங்கள் வழிகாட்டிகளில் ஒருவரை எனக்குத் தாருங்கள். மகள் வீட்டுக்குப் போகும்போது அவரோடு இந்தப் பாதை முழுவதையும் நடந்து காட்டுகிறேன். எங்கே உட்காரலாம், எங்கே கழிப்பறை, எந்தக் கோயில் எப்போது நடை சாத்தும் என்பதையெல்லாம் எழுதியும் தருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
கழனிவாசலிலிருந்து ஒரு பயணி