திடப்படுத்தல் வகுப்பில் திருச்சபை வரலாற்றுக்கு இடம் கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் திருமண்டலத்தின் கிறிஸ்தவக் கல்விப் பணிக்குழுவினருக்கும், ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரங்களில், பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் குருவானவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்.

சென்ற ஆண்டு ஒரு சேகரத்தின் திடப்படுத்தல் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். யோவான் முதலாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னபோது, ஒரு மாணவி தன் பாட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, நம் வேதாகமத்திலிருந்து வேறான மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தைத் திறந்து, "அவ்வாக்கு கடவுளோடு இருந்தது" என்று வாசித்தாள். ஆசிரியர் உடனே நிறுத்தி, "கடவுள் என்பது புறமதத்தார் சொல், நம் வேதத்தில் தேவன் என்றுதான் இருக்கிறது" என்றார். அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் வேதாகமத்தைப் பார்த்து வாசித்து முடித்தாள். அந்த ஆசிரியர் பக்தியில் குறைந்தவர் அல்லர். தமிழ் வேதாகமம் நம் கைக்கு வந்த கதையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, ரோமன் கத்தோலிக்கர் ஏற்கெனவே வழங்கிவந்த 'சர்வேசுரன்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். அதே நூற்றாண்டில் அவருக்குப் பின் வந்த மிஷனரி பப்ரீசியுஸ் தம் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என்று எழுதினார். அந்தச் சொல்லை நம் கீர்த்தனைகளில் இன்றும் வாய் நிறையப் பாடுகிறோம். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்புதான் 'தேவன்' என்பதை நம் நாவில் நிலைநிறுத்தியது. இடையில், 1850-இல் வெளியான யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பில் மிஷனரி பேர்சிவல் ஐயருக்குத் துணைநின்றவர், பின்னாளில் சைவத்தின் காவலராகப் போற்றப்பட்ட ஆறுமுக நாவலர். (இதை நான் முதன்முதலில் ஒரு சபைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.) ஆகவே, எந்தச் சொல் கிறிஸ்தவச் சொல் என்ற கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ்ச் சபையார் வெவ்வேறு விடை சொல்லிவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் இந்த மண்ணின் பிற சமயத்தாரும் வழங்கிய சொல்தான். இதை அறியாதவர் தம் தலைமுறையின் பழக்கத்தையே சுவிசேஷம் என்று எண்ணி, அதைக் கொண்டு ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறார்.

வெளியிலிருந்து வரும் கேள்விகளையும் இங்கே சொல்ல வேண்டும். கான்ஸ்டன்டைன் பேரரசன் 325-இல் நைசீயாவில் ஆயர்களைக் கூட்டி, வாக்கெடுத்து, எந்தெந்த நூல்கள் வேதாகமத்தில் சேர வேண்டும் என்று முடிவு செய்தான் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சங்கம் கூடியது முதன்மையாக, குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையைப் பற்றித் தீர்மானிக்க. அது விட்டுச்சென்ற இருபது விதிகளில் ஒன்றுகூட வேத நூல்களின் பட்டியலைப் பற்றியது அன்று. புதிய ஏற்பாட்டின் இன்றைய இருபத்தேழு நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் தரும் மிகப் பழைய பட்டியல், அதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின், 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் மடலில்தான் கிடைக்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் சொல்லி முடிக்கக்கூடிய இந்தச் செய்தி தெரியாமல், கல்லூரிக்குப் போன நம் பிள்ளைகள் விடுதி அறையில் விழித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆனால் இவற்றைவிட என் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொன்று. 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாகவும் முற்றாகவும் விட்டுவிட வேண்டும் என்று மடல் அனுப்பினார். ஒரே ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும், திருவிருந்துப் பாத்திரத்தை யார் முதலில் வாங்குவது என்பதும் அன்றைய வழக்கு. தஞ்சாவூரில் பலர் அந்த மடலை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினார்கள். அந்த வழக்கங்களுக்கு ஆதரவாக வாதாடி எழுதியவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய பாடல்கள் இல்லாமல் நமக்கு ஆராதனை நிறைவதில்லை, எனக்கும்தான். அவர் பாடல்களைக் கற்றுக்கொடுக்கும் நாம், அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பிள்ளைகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அவர்மேல் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகிறோம் போலும். சொல்லாததன் விளைவு கண்முன் இருக்கிறது: ஒரே சபையில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் ஏன் என்று ஒரு பையன் கேட்டால், பெரியவர்கள் "அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்" என்கிறார்கள். அந்தக் காலத்திலேயே அதை எதிர்த்தவர்களும் சபைக்குள் இருந்தார்கள் என்று தெரிந்திருந்தால், இந்தப் பதிலை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இப்படிப்பட்ட செய்திகள் இளம் பிள்ளைகளின் விசுவாசத்தைக் குலைத்துவிடும் என்பது குழுவில் சிலருடைய கருத்து என்று அறிகிறேன். தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கிறோம். அதனால் எந்தப் பிள்ளையின் விசுவாசமும் குலையவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளோடு நிறுத்திவிட்டு நேரே நம் ஊர் ஆலயத்தின் அசன விழாவுக்குத் தாவுவதால்தான் இடைப்பட்ட நூற்றாண்டுகளைப் பற்றிப் பிறர் சொல்வதையெல்லாம் அவர்கள் நம்ப வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய பாடத்திட்டம் அன்று. திடப்படுத்தல் வகுப்பின் வாரங்களில் நான்கை மட்டும் இதற்கென ஒதுக்குங்கள்: நைசீயாவுக்கு ஒன்று, தமிழ் வேதாகமத்துக்கு ஒன்று, சபையும் சாதியும் பற்றி ஒன்று. நான்காவது வாரம் அந்தந்தச் சேகரத்தின் சொந்தக் கதைக்கு இருக்கட்டும். அதற்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. எங்கள் ஆலயத்தின் உடைமாற்றும் அறையில், பழைய அங்கிகளுக்குக் கீழே, பீரோவின் கடைசித் தட்டில் ஞானஸ்நானப் பதிவேடுகள் கிடக்கின்றன. பழைய பெயர் ஒரு பத்தியிலும் ஞானஸ்நானப் பெயர் அடுத்த பத்தியிலுமாக, மங்கிய மையில். முதல் பதிவேட்டின் ஓரங்களைக் கரையான் அரித்துவிட்டது. அதை மேசைமேல் எடுத்து வைத்து, தங்கள் பூட்டன் பெயரைத் தேடச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுக்க, அடுத்த வகுப்பு தொடங்குமுன் உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓய்வுபெற்ற ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர்